தலைமடைக்காரரின் பதில்கள்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்வது என்று ஒரு பழமொழி உண்டு. பட்டுக்கோட்டை எங்கள் ஜில்லாதான். ஆகவே அந்தக் கொட்டைப்பாக்கு விலையைச் சொன்ன ஆசாமியும் எங்கள் பக்கத்துக்காரனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அவன் வம்சத்தில் வந்த ஒருவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. மறுபடி பேசுவாரா, பேசினாலும் என்னிடம் பேசுவாரா என்று நான் தவித்த மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வண்ணமீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்று வரும். எனக்குப் பிடிக்காத குழு. ஆனால் அதை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது.

என் கணவர் அரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு தஞ்சாவூரில் எங்கள் வீட்டு ஹாலில் மீன் தொட்டி வைத்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் சோபாவைத் தூக்கி மாடிக்கு அனுப்பவேண்டி வந்தது. வருகிறவர்கள் உட்கார இடமில்லை, மீன்கள் சௌகரியமாக இருந்தன. நான் கணக்கு டீச்சர். கேட்ட கேள்விக்கு நேரான பதில், அதுவும் வழிமுறையோடு, என்று பிள்ளைகளை விரட்டியே காலம் தள்ளியவள். எனக்கு வாய்த்தவரோ வீட்டில் ‘ம்’, ‘சரி’, ‘ஆகட்டும்’ என்ற மூன்று வார்த்தைகளில் குடும்பம் நடத்தினார். பேச்சையெல்லாம் சேர்த்து வைத்துக் குழுவில் கொட்டினார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் அதற்குச் சம்பந்தம் இல்லாததாக இருக்கவேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மடை மாத்துறது’. ஒரு வயலுக்குப் போகிற தண்ணீரை இன்னொரு வயலுக்குத் திருப்பி விடுவதைப்போல, கேள்வியை வேறு பக்கம் திருப்பி விடுவது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு யாராவது மருந்தோ மாற்றோ சொல்வார்கள். மடை மாற்றுவதில் என் கணவரை அடிக்க ஆள் இல்லை. அதனால் அவருக்குத் ‘தலைமடை’ என்று பட்டம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் முத்துப்பேட்டையில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் குழுவை நடத்துபவர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். “நாங்க கடைமடைங்க, எங்களுக்கு ஜோக்கும் லேட்டாத்தான் வந்து சேரும்” என்று அவர் எழுதுவார்.

ஏஞ்சல் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது, என்ன செய்யலாம் என்று குத்தாலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண் ஒருமுறை கேட்டாள். என் கணவரின் பதில்: “எங்க மில்லுல ஒரு கணக்குப்பிள்ளை இருந்தாரும்மா, அவரும் அப்படித்தான் நடப்பாரு. சம்பளத்தன்னிக்கு மட்டும் நேரா நடப்பாரு.” இன்னொருவர், ஆக்சிஜன் மோட்டார் போடுகிற சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று புலம்பினார். அதற்கு இவர், “எங்க வீட்டுலயும் சத்தம்தான். ஆனா அதுக்கு வயரு கிடையாது, பிடுங்கிவிட முடியாது” என்று எழுதியிருந்தார். அதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்துவிட்டேன். அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் திறந்து, சுற்றுவட்டாரத்தில் குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். காலையில் அடுக்களையில் இருந்தபோது காலடிக்குத் தண்ணீர் வந்தது. தொட்டித் தண்ணீர் மாற்றுகிறேன் என்று குழாயை எங்கேயோ போட்டுவிட்டுப் போனில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக் கத்திக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். “வீடு பூரா வாய்க்காலா போவுது, என்னங்க பண்றீங்க?” என்றேன். தொட்டி ஸ்டாண்டில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. குழாய் அவர் மடியில் கிடந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார்கள். பேச்சைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். “நீங்க சொல்றதெல்லாம் அவருக்குப் புரியுதும்மா. திருப்பிச் சொல்றப்பதான் வார்த்தை இடம் மாறி வருது. எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது” என்றார். இவருக்கு வார்த்தை எப்போதுமே இடம் மாறித்தான் வரும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் டாக்டர் சிரித்திருப்பார். எனக்கு அழுகைதான் வந்தது.

அவருடைய போன் என் கைப்பையில் இருந்தது. குழுவிலிருந்து டிங் டிங் என்று வந்துகொண்டே இருந்தது. “உங்க ஆளுங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடட்டுமா?” என்று கேட்டேன். படுத்திருந்தவர் இடது கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். பேச முடியாமல் போனதை அவர்கள் அறியக்கூடாது என்று நினைத்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் குழு சும்மா இருக்கவில்லை. ஃபைட்டர் மீன் அடியிலேயே கிடக்கிறது, செதில் வெளிறிப் போச்சு என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே ஆளாளுக்கு, “தலைமடை எங்க? மடையை யாரு அடைச்சது?” என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். பதில் வராவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று அவர் பெயரிலேயே நான் பதில் எழுதினேன். குழுவின் குரல் பதிவுகளை அவர் சத்தமாகப் போட்டுக் கேட்டபோது என் காதில் தங்கியதை வைத்து, நாட்டு வாதாம் சருகைக் கழுவித் தொட்டியில் போடவும், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றவும், ஒரு வேளை தீனியை நிறுத்தவும் என்று சுத்தமாக எழுதி அனுப்பினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

முதலில் குத்தாலத்துப் பெண், “யாருங்க நீங்க? எங்க அண்ணன் போனைத் திருடிட்டீங்களா?” என்று கேட்டாள். இன்னொருவர், “அண்ணே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றீங்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். நான் பயந்துபோய், “நலமாக இருக்கிறேன், நன்றி” என்று போட்டேன். அதோடு குட்டு உடைந்துவிட்டது. அந்த மனுஷர் ஜன்மத்தில் நன்றி என்று எழுதியதில்லையாம்.

மறுநாள் முத்துப்பேட்டை பாய் பஸ் ஏறி வந்துவிட்டார். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தோம். அதுவரை அவர்கள் இருவரும் நேரில் பார்த்ததில்லை. விலாசம்கூட, எப்போதோ ஆன்லைனில் மீன் தீனி வாங்கி அனுப்பியபோது குறித்து வைத்ததாம். கையில் ஒரு பேரீச்சம்பழ டப்பா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “தலைமடை, எங்கண்ணே ஒளிஞ்சுக்கிட்டீங்க?” என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் ஆவாதுண்ணே, அல்லா இருக்கான்” என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாய் போகும்வரை திருப்பவே இல்லை.

அன்று சாயங்காலமே குழுவில் விஷயம் பரவிவிட்டது. கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன. பிரார்த்திக்கிறோம், துவா செய்கிறோம், விரைவில் நலம் பெற வாழ்த்துகள். நேற்றுவரை ‘அண்ணே’ என்றவர்கள் ‘ஐயா’ என்றார்கள். யாரோ ஒருவர் அவருடைய பழைய போட்டோவை ரோஜாப்பூ பார்டருக்குள் போட்டு, ‘எங்கள் தலைமடை’ என்று எழுதி அனுப்பியிருந்தார். மீனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. சிரிப்புப் பொம்மை ஒன்று இல்லை. போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. பாதியில் போனை வாங்கிக் குப்புற வைத்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். சீப்பைக் காட்டினால் இவர் முக்கி முனகி, “ஏணி” என்பார். கரண்டியைக் காட்டினாலும் ஏணி. பசுமாடும் ஏணி. சில சமயம் கேட்ட பொருளுக்குச் சம்பந்தமில்லாத வேறு வார்த்தை வரும். தப்பு என்று அவருக்கே தெரியும். சொன்னதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். “பரவாயில்லைங்க சார், ஒரு வார்த்தை வந்துடுச்சுல்ல, மத்ததும் பின்னாலயே வரும்” என்பாள் அந்தப் பெண். அவள் போன பிறகு நான் ஆரம்பிப்பேன். “ஏணி இல்லைங்க, சீப்பு. சொல்லுங்க, சீ…ப்பு.” மறுபடி ஏணி. “நல்லா என் வாயைப் பாருங்க. சீப்பு.” நன்மைக்குத்தான் செய்தேன். வாய்ப்பாடு வராத பிள்ளையைக் கரையேற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஒருநாள் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு என்னிடம் ஏணிகூடச் சொல்லவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையாட்டல், வலிக்கிறதா என்றால் கையசைப்பு. அந்தப் பெண் வந்தால் மட்டும் வாயைத் திறப்பார்.

பேசாத ஆளோடு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள்தானே, இதில் என்ன புதுசு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். புதுசுதான். அந்த ‘ம்’மும் ‘சரி’யும் இல்லாத வீட்டில் மீன் தொட்டி மோட்டார்தான் பேசிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கடைசிவரை இப்படியே போய்விடுமோ என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

யார்மேலாவது கோபத்தைக் காட்டவேண்டும்போல் இருந்தது. முத்துப்பேட்டைக்குப் போன் போட்டேன். “ஏன் பாய், எல்லாருமாச் சேந்து உசுரோட இருக்குற மனுஷனைப் படத்துல மாட்டி மாலை போட்டுட்டீங்களே, நல்லா இருக்கா இது?” என்றேன்.

“ஐயையோ, என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க?”

“பின்னே என்னங்க? ஐயாவாம், பிரார்த்தனையாம். உங்களை யாரு கும்பிடச் சொன்னது? எப்பவும் போல அவரை வம்புக்கு இழுங்க. இழுக்கத் தெரியலைன்னா குழுவை இழுத்து மூடுங்க.”

“அவரு மனசு கஷ்டப்படும்னு பயந்துட்டோம் அண்ணி. நான் பாத்துக்கறேன்” என்றார்.

அடுத்த நாள் குத்தாலத்துப் பெண், தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது, அடியில் கிடக்கும் மீனே தெரியவில்லை, என்ன செய்வது என்று படத்தோடு கேட்டாள். பாய், “யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. தலைமடை பதில் சொல்லாம கடைமடைக்கு எப்படித் தண்ணி வரும்? அண்ணே, நோவுன்னு சொல்லி எத்தனை நாளைக்கு ஓபி அடிப்பீங்க?” என்று எழுதினார். நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்கே கோபம் வந்தது. வம்புக்கு இழுக்கச் சொன்னவளே நான்தான்.

அவர் போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கைக் கட்டைவிரலால் ஒலிப்பதிவு பொத்தானைத் தொட்டார், எடுத்தார், மறுபடி தொட்டார். அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, “ஏணி” என்றார். விரலை எடுத்தார். போய்விட்டது. நான் அதை அழிக்கலாம் என்று பாய்ந்து போனைப் பிடுங்கப் போனேன். கொடுக்கவில்லை.

குழுவில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் நான் அவர்கள் எல்லோரையும் வெறுத்தேன். பிறகு பாயின் குரல் பதிவு வந்தது. “கேட்டுக்கிட்டீங்களா? அண்ணன் சொல்லிட்டாரு. ஏணி வாங்கி தொட்டி மேல சாத்தி ஏறிப் பாரும்மா, மீன் தெரியும்!” அதற்குக் கீழே குத்தாலத்துப் பெண், “அண்ணே, எங்க வீட்டுல ஏணி இருக்கு, ஆனா நாலாவது படி ஒடைஞ்சு போச்சு, பரவாயில்லையா?” என்றாள். அப்புறம் மடை உடைந்துவிட்டது. மூங்கில் ஏணியா இரும்பு ஏணியா என்று ஒருவர். ஏணியை மீனுக்குக் கொடுத்தால் அதுவே ஏறி வந்துவிடுமே என்று ஒருவர். கேலி செய்கிறார்களா என்று நான் துடித்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தேன். பாதி முகம்தான் அசைந்தது. தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எச்சில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் அவர் சொல்லும் வார்த்தை தப்பு இல்லை. அங்கே எல்லோருமே சம்பந்தமில்லாமல்தான் பேசினார்கள். அதன்பிறகு தினமும் ஒரு பதிலாவது அனுப்பினார். வெள்ளைப் புள்ளி நோய்க்கு “தபால்” என்றார். கப்பி மீன் குட்டிகளைத் தாய் தின்றுவிடுவதற்கு “சித்தப்பா” என்றார். வார்த்தைகள் கூடிக்கொண்டே போவதாகப் பயிற்சிப் பெண் சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் என்னிடம் மட்டும் அதே தலையாட்டல். அடுக்களையிலிருந்து அவர் குரல் கேட்கும், ஓடிவருவேன், போனை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். முன்பின் பார்க்காத ஊர்க்காரர்களிடம் தபால், சித்தப்பா எல்லாம் சொல்லத் தெரிகிறது, கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லை. பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவர் யாரைப் பார்த்து வாயை மூடுகிறார், ஏன் மூடுகிறார் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. நான் திருத்துவேன். அவர் என்ன சொன்னாலும் என் முகம் முதலில் திருத்தும், வாய் அப்புறம்.

பாயிடம் மறுபடி போனில் பேசினேன். இந்தமுறை சண்டை இல்லை. “என்னையும் உங்க குழுவுல சேத்துக்குங்க” என்றேன்.

“நீங்களா அண்ணி? உங்களுக்கு மீனே ஆவாதுன்னு அண்ணன் சொல்லுவாரே.”

“மீன் ஆவாதுதான். சேத்து விடுங்க.”

சேர்த்துவிட்டு, “தலைமடை வீட்டு டீச்சரம்மா வந்திருக்காங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க” என்று அறிவித்தும் விட்டார். ஹாலில் இவர் போனும் டிங் என்றது. நான் அடுக்களையில் நின்றுகொண்டு, பாடத்திட்டம் எழுதும்போதுகூடப் படாத பாடுபட்டு ஒரு கேள்வியை எழுதினேன். “எங்க வீட்டுத் தொட்டியில ஒரு பெரிய மீன் இருக்கு. எல்லாரும் வந்தா மேல வருது. என்னைப் பாத்தா மட்டும் மூலையில போய் நிக்குது. நான் என்ன பண்ணணும்?”

யாரும் பதில் போடவில்லை. அந்தக் குறும்புக் கூட்டத்துக்கு எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தது, குறைத்து வைத்தேன். ஹாலில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. அதே குரல் கொஞ்சம் தாமதித்து என் கையிலிருந்த போனிலும் வந்தது.

“குடை.”

குடை இல்லைங்க என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். விழுங்குவது சுலபமாக இல்லை. போனை மேடைமேல் வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே ஹாலைப் பார்த்துக் கேட்டேன்.

“என்ன கலர் குடைங்க?”

போன் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹாலிலிருந்து நேராக எனக்குப் பதில் வந்தது.

“வெள்ளிக்கிழமை” என்றார்.